செகண்ட்ஹேண்ட் பிரியஸ்: ஏற்காடு இறக்கத்தில் பேட்டரி விசிறி கத்துது, சிவப்பு முக்கோணம் எரியுது

கோரிமேடு_ஹைப்ரிட்:
வணக்கம். வண்டி 2011 டொயோட்டா பிரியஸ் (பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார்), மூணாவது தலைமுறை, செகண்ட்ஹேண்டில் எடுத்தது. டவுனுக்குள்ள அஸ்தம்பட்டி, அஞ்சு ரோடுன்னு ஓட்டுற வரைக்கும் பிரச்னை தெரியலை. ஏற்காட்டிலிருந்து கீழே இறங்குறப்ப பின்சீட் பக்கத்துல விசிறிச் சத்தம் கூடிக்கிட்டே போய் ஊளையிடுற அளவுக்கு வருது. அடிவாரம் வந்ததும் டாஷ்போர்டுல சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரியுது. ஸ்கேன்ல வந்த கோடு (பிழைக் குறியீடு) பி0ஏ82. பார்த்த ஒர்க்‌ஷாப்ல பேட்டரி முழுசா மாத்தணும்னு சொல்றாங்க. மாத்துறதுக்கு முன்னாடி எதையெதைப் பார்க்கணும்? கோடை இன்னும் அழிக்கலை.

மெய்யனூர்_மீட்டர்:
கோடை அழிக்காம வச்சிருக்கீங்க பாருங்க, அதுவே பாதி வேலை. அழிச்சுட்டா அந்த நேரத்து வெப்பநிலை, விசிறி நிலை எல்லாம் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போயிடும். முதல்ல அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

பி0ஏ82 செல் கெட்டுப்போச்சுன்னு சொல்ற கோடு இல்லை. பேட்டரி விசிறி சொன்னபடி சுத்தலைன்னு சொல்ற கோடு. செல் தேஞ்சுபோச்சுன்னா வர்றது பி0ஏ80. குறிப்பிட்ட பிளாக் (ரெண்டு மாட்யூல், அதாவது ரெண்டு செல் தொகுப்பு சேர்ந்த பேட்டரிப் பகுதி) பலவீனம்னா பி3011 முதல் பி3024 வரைக்குள்ள ஒண்ணு வரும், 14 பிளாக்குக்கு 14 கோடு. பி0ஏ84, பி0ஏ85 வந்தா விசிறியோட ஒயரிங் பக்கம் பார்க்கணும். உங்களுக்கு 82 மட்டும்தான்னா பேட்டரிக்கு விலை கேக்குற கட்டமே இன்னும் வரலை.

சத்தத்தைப் பத்தி ஒண்ணு. வீட்டு வாக்குவம் கிளீனர் குழாயை உள்ளங்கையால அடைச்சா மோட்டார் சத்தம் கீச்சுன்னு ஏறுமே, அதே கணக்குதான் இங்கேயும். இது எலிக்கூண்டு வடிவ பிளோயர். காத்து வழி அடைஞ்சா இழுக்க லோடு இல்லாம வேகமா சுத்தும். சத்தம் பலமா இருக்கு, அப்ப விசிறி நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நினைச்சிடாதீங்க. சத்தம் அதிகம், காத்து கம்மி, இதுதான் அடைப்போட அடையாளம்.

வண்டி கம்ப்யூட்டர்லிருந்து எண்களைப் படிக்கிற ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கி, டாக்டர் பிரியஸ் இல்லாட்டி ஹைப்ரிட் அசிஸ்டென்ட் ஆப்ல இந்த எண்களை எடுத்துப் போடுங்க: பேட்டரிக்குள்ள போற காத்தோட வெப்பநிலை, பேட்டரியோட மூணு சென்சார் வெப்பநிலை, விசிறி நிலை. விசிறி நிலை 0 முதல் 6 வரை இருக்கும். கூடவே ஏசி போட்டு ஓடுறப்ப கேபின் எவ்வளவுன்னு சாதாரண தெர்மாமீட்டரைப் பின்சீட்ல வச்சுப் பாருங்க. இது இல்லாம மத்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

தறிப்பஞ்சு:
சேலத்து வண்டின்னா முதல் சந்தேகம் பஞ்சு மேலதான். கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டை, குகை பக்கம் நிக்கிற வண்டிகள்ல தறிப்பஞ்சு கேபினுக்குள்ள வரத்தான் செய்யும். துணி, நூல்கோன் ஏத்தின வண்டின்னா சொல்லவே வேண்டாம். பஞ்சோட கஞ்சிப் பொடியும் சேர்ந்து வரும். மழைக்கால ஈரத்துல அது பிளோயர் இறக்கைகளோட உள்வளைவுல படிஞ்சு காயும். ஊதினா போகாது, நகத்தால சுரண்டினாத்தான் பெயரும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தா இறக்கை இருக்குற மாதிரியே தெரியும். டார்ச் அடிச்சு சாய்வாப் பார்த்தாத்தான் இறக்கைக்கு இறக்கை இடைவெளி மூடியிருக்குறது தெரியும்.

அதுக்கும் முன்னாடி சீட் கவரைப் பாருங்க. பிரியஸ்ல காத்து உள்ளே போற வென்ட் பின்சீட் பக்கவாட்டுல இருக்கு. நம்மூர்ல ஆர்ட்லெதர் கவர் தைக்கிறவங்க அந்தச் சல்லடை எதுக்குன்னு தெரியாம அது மேலேயே இழுத்துத் தைச்சிடுவாங்க. துண்டு, தலகாணி, பள்ளிக்கூடப் பை இதெல்லாம் சாய்ச்சு வச்சாலும் அதே கதைதான்.

கோரிமேடு_ஹைப்ரிட்:
எண்கள் எடுத்துட்டேன். மதியம் வெயில், அயோத்தியாப்பட்டணம் போய்த் திரும்புறப்ப எடுத்தது. பின்சீட் தெர்மாமீட்டர் 27 டிகிரி. பேட்டரி உள்போற காத்து 41. மூணு சென்சாரும் 47, 53, 48. விசிறி நிலை 6. வென்ட் மேல டிஷ்யூ பேப்பர் வச்சா லேசா ஆடுது, ஒட்டி நிக்கலை. சீட் கவர் வென்டுல பாதியை மூடித்தான் இருக்கு.

மெய்யனூர்_மீட்டர்:
இந்த எண்கள்ல ரெண்டு தனித்தனிப் பிரச்னை தெரியுது. ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

விசிறி 6ல ஓடுறப்ப டிஷ்யூ வென்டுல ஒட்டி நிக்கணும். நிக்கலைன்னா அடைப்பு. சீட் கவரும் பிளோயர் அழுக்கும் சேர்ந்து பண்றது. இது எல்லாரும் சொல்றது.

ரெண்டாவதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. கேபின் 27, ஆனா பேட்டரிக்குப் போற காத்து 41. நடுவுல 14 டிகிரி எங்கே ஏறுச்சு? பிளாஸ்டிக் டக்ட் (காத்துக் குழாய்) வழியா வர்றப்ப ஓரிரண்டு டிகிரி ஏறலாம், 14 ஏறாது. அப்ப விசிறி கேபின் காத்தை மட்டும் இழுக்கலை. டக்ட் இணைப்பு எங்கேயோ விட்டுப்போய், டிக்கிக்குள்ள இருக்குற சூட்டுக் காத்தையும் சேர்த்து உறிஞ்சுது. பேட்டரியிலிருந்து வெளிவந்த சூட்டையே திரும்ப அதுக்கு ஊட்டுற மாதிரி ஆகிடுது. வென்ட் அடைஞ்சிருந்தா இது இன்னும் மோசமாகும். நேர்வழி மூடியிருக்கு, ஓட்டை வழி திறந்திருக்கு, காத்து எது சுலபமோ அதுலதான் வரும்.

டக்ட் சேர்ற இடத்துல இருக்குற ஸ்பாஞ்ச் சீல் பத்துப் பதினஞ்சு வருஷத்துல பொடிப்பொடியா உதிரும். இல்லாட்டி முன்னாடி யாரோ ஒரு தடவை கழட்டி, கிளிப்பைச் சரியா மாட்டாம விட்டிருப்பாங்க. செகண்ட்ஹேண்ட் வண்டியில ரெண்டாவதுதான் அதிகம்.

மூணு சென்சார்ல நடுவுது 53, ஓரம் 47, 48. நடு மாட்யூல்களுக்கு ரெண்டு பக்கமும் சூடான அண்டை வீடு இருக்கு, அதனால கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனா 5, 6 டிகிரி அதிகம். காத்தைச் சரி பண்ணின பிறகும் இந்த இடைவெளி குறையலைன்னா அப்ப மாட்யூலைச் சந்தேகப்படலாம்.

20வது_வளைவு:
ஏற்காடு இறக்கத்துல மட்டும் ஏன் வருதுன்னு சொல்லலாமா? ஏத்தத்துலதானே மோட்டார் கஷ்டப்படும்னு பலரும் நினைக்கிறாங்க.

இறக்கத்துல மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி சுத்தி பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். 1,200 மீட்டருக்கு மேல இறக்கம், 20 கொண்டை ஊசி வளைவு. ஆளோட சேர்த்து 1,600 கிலோ வண்டின்னு வச்சா இந்த இறக்கத்துல கிடைக்கிற ஆற்றல் கரண்ட் பில் கணக்குல 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. டயர் உராய்வு, காத்துத் தடை எல்லாம் கழிச்சாலும் பெரும் மிச்சம் இருக்கும். பிரியஸ் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 1.3 யூனிட்தான். அதுலயும் வண்டி 40லிருந்து 80 சதவீதத்துக்குள்ளதான் பயன்படுத்தும், அதாவது அரை யூனிட் சொச்சம். முதல் சில வளைவுகள்லயே டாஷ்போர்டுல பேட்டரி சார்ஜ் காட்டுற எட்டுக் கட்டமும் நிரம்பிடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நிரம்ப நிரம்ப, உள்ளே போற கரண்ட்ல சார்ஜா மாறுறது குறைஞ்சு சூடா மாறுறது கூடும். ஏற்கெனவே சூடா இருந்தா சார்ஜ் ஏத்துக்கிற திறன் இன்னும் குறையும். சூடு சூட்டைக் கூட்டும். அதான் ஏத்தத்துல அவ்வளவு சூடாகாத பேட்டரிகூட இறக்கத்துல 50 டிகிரி தாண்டுது.

பேட்டரி சூடானா வண்டி சார்ஜ் வாங்குற வரம்பைத் தானாக் குறைச்சுக்கும். ஆப்ல வின் அப்படின்னு ஒரு எண் வரும், அது சுழியத்தை நோக்கி வர்றதைப் பாருங்க. அப்ப மிதிக்கிற பிரேக் எல்லாம் சக்கரத்துப் பிரேக் பேடுக்குத்தான் போகும். அடிவாரத்துல பேடு நாத்தம் வந்தா அதுவும் இதே பிரச்னையோட வால்தான்.

காப்பித்தோட்டம்:
மேலே ஏற்காட்டுல இருக்குறவங்க வழக்கமாச் செய்றது: இறங்குறதுக்கு முன்னாடி ஏரியைச் சுத்தி, கடைவீதிக்குள்ள இவி பட்டனை (பேட்டரியில மட்டும் ஓட்டுற வசதி) போட்டு மெதுவா ஓட்டிக் கட்டத்தை மூணு நாலுக்குக் கொண்டுவந்துட்டு இறங்குவாங்க. பேட்டரி ஏற்கெனவே சூடா இருந்தா இவி விழாது, அதையும் ஒரு அறிகுறியா எடுத்துக்கலாம். இறக்கத்துல கட்டம் ஆறைத் தொட்டதும் பி கியர் (எஞ்சின் பிரேக் நிலை). பி போட்டா எஞ்சின் டீசல் லாரி மாதிரி உறுமும், பயப்பட வேண்டாம். பெட்ரோல் எரியாம வெறுமனே சுத்தி, மிச்ச ஆற்றலைத் தின்னுது. எட்டும் நிரம்பின பிறகு போடுறதைவிட முன்னாடியே போட்டா பேட்டரிக்கு நிம்மதி.

இறக்கம்தானேன்னு ஏசியை அணைச்சுட்டுக் கண்ணாடியை இறக்கி வர்றவங்க உண்டு. மேலே 22 டிகிரி இருக்குற வரைக்கும் சரி. குரும்பப்பட்டி பக்கம் வர்றப்ப வெளிக்காத்து 38. பேட்டரி மிகச் சூடா இருக்குற நேரத்துல அதுக்குப் போறது அந்த 38தான்.

ஆரஞ்சு_ஒயர்:
சரி, கழட்டுறதுக்கு வருவோம். முதல்ல கரண்டைப் பத்திப் பேசிடுறேன், இதைப் படிக்காம யாரும் கீழே போகாதீங்க.

இது 201.6 வோல்ட் டிசி. தொட்டா உயிருக்கே ஆபத்து. சர்வீஸ் பிளக்கை (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற ஆரஞ்சுக் கைப்பிடி) உருவினாலும் பேட்டரி செத்துப்போறதில்லை, ரெண்டு துண்டா வெட்டப்படுது, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டுலயும் உயிரைக் குடிக்கிற வோல்ட் இருந்துக்கிட்டே இருக்கும். அதனால பிளோயரும் டக்டும் மட்டும்தான் வீட்ல செய்ற வேலை. பேட்டரி மேல்மூடியைத் திறக்குற வேலை பழகின ஆளுக்கு.

வரிசை இப்படி. பவர் ஆஃப் பண்ணி, சாவியை வண்டியிலிருந்து நல்லாத் தள்ளி வீட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சிடுங்க. பின்கதவைத் திறந்து வச்சிட்டு அப்புறம்தான் 12 வோல்ட் பேட்டரியைத் தொடணும். பின்கதவுப் பூட்டு கரண்ட்ல வேலை செய்றது. நெகட்டிவைக் கழட்டிட்டுக் கதவைச் சாத்திட்டா வெளியிலிருந்து திறக்க வழியில்லை, பின்சீட் வழியாத் தவழ்ந்துதான் போகணும். 12 வோல்ட் நெகட்டிவுக்கு 10 எம்எம் ஸ்பேனர். அதுக்கப்புறம் ஆயிரம் வோல்ட் தாங்குற கிளாஸ் 0 ரப்பர் கையுறை. போடுறதுக்கு முன்னாடி மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி உள்ளே காத்தை அடைச்சு, விரல் வழியாக் கசியுதான்னு பாருங்க. கசிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க. பிளம்பிங் கடை கையுறை, பாத்திரம் தேய்க்கிற கையுறை இதெல்லாம் கணக்குல சேராது. ஆரஞ்சுக் கைப்பிடியை உருவிச் சட்டைப் பையில போட்டுக்குங்க, வேற யாரும் திரும்ப மாட்டிட வாய்ப்பே இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் 10 நிமிஷம் சும்மா உக்காருங்க, இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர்ல தேங்கியிருக்குற கரண்ட் இறங்கணும். மோதிரம், கைச்சங்கிலி, வெள்ளி அரைஞாண் எதுவும் உடம்புல வேண்டாம்.

பிறகு டிக்கி பலகை, ஓரப் பெட்டி, பின்சீட் பக்கத் தலையணை, பக்கவாட்டு பிளாஸ்டிக். கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால நெம்பினா உடையும், பிளாஸ்டிக் நெம்புகோல் செட் வாங்கிக்குங்க. பழைய வண்டியில கிளிப் எப்படியும் சிலது போகும், முன்கூட்டியே பத்துப் பன்னண்டு வாங்கி வச்சா நல்லது. டக்ட் வந்த பிறகு பிளோயர் கனெக்டரைப் பூட்டு அமுக்கி எடுக்கணும், ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. பிளோயரைப் பிடிக்கிறதும் 10 எம்எம்தான்.

தறிப்பஞ்சு:
சுத்தம் பண்றதுல பெரும்பாலான வண்டியைக் கெடுக்குறது கம்ப்ரஸர் காத்துதான். மூணு காரணம். டயர் கடைக் கம்ப்ரஸர் காத்துல தண்ணியும் ஆயிலும் வரும், அதுல பஞ்சு இன்னும் இறுகும். பிளோயரைக் கையால நிறுத்தாம ஊதினா அது அளவுக்கு மீறி சுத்திப் பேரிங்கும் உள்ளே இருக்குற சர்க்கியூட்டும் அடிவாங்கும். மூணாவதுதான் பெரிசு: வண்டியில மாட்டினபடியே வென்ட் வழியா ஊதினா அழுக்கு எங்கே போகும்? நேரா பேட்டரிக்குள்ள. மாட்யூலுக்கு மாட்யூல் இடைவெளி ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். அங்கே பஞ்சு போய் உக்காந்தா அப்ப மூடியைத் திறந்துதான் ஆகணும். வென்ட் பக்கத்திலிருந்து எப்பவும் உறிஞ்சத்தான் செய்யணும், ஊதக் கூடாது.

பிளோயரைக் கழட்டி வெளியே எடுத்து, உலர்ந்த பிரஷ், பல் குத்துற குச்சி, காது பஞ்சு இவ்வளவு போதும். ஒவ்வொரு இறக்கையா எடுக்கணும், ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். கஞ்சி படிஞ்ச இடத்துக்கு லேசா நனைச்ச துணி. மோட்டார் பக்கம் தண்ணி காட்டாதீங்க, சர்க்கியூட் அதுக்குள்ளேயே இருக்கு. இறக்கைச் சக்கரத்தைத் தண்டிலிருந்து பிடுங்காதீங்க. திரும்ப அதே ஆழத்துல உக்காராது, ஓரம் உரசும். எண்ணெய் ஸ்பிரே எதுவும் வேண்டாம், அடுத்த மாசம் பஞ்சு இரட்டிப்பாச் சேரும். ஒரு பக்க இறக்கையில மட்டும் அழுக்கை விட்டுட்டா வேகத்துல அதிரும், அதனால செஞ்சா முழுசாச் செய்யணும்.

மெய்யனூர்_மீட்டர்:
டக்ட் சீலுக்கு 5, 6 எம்எம் தடிமன் இபிடிஎம் (ஒரு வகை ரப்பர்) ஸ்பாஞ்ச் டேப் வாங்குங்க, கறுப்பா இருக்கும், ஓட்டை மூடின ரகம். மஞ்சள் மெத்தை ஸ்பாஞ்ச் ஒரு கோடையிலயே மாவாகிடும். சிலிகான் போட்டு ஒட்டிடாதீங்க, அடுத்த தடவை கழட்டணும். அலுமினிய ஃபாயில் டேப்பை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்க. ஒரு துண்டு உரிஞ்சு ஆரஞ்சு ஒயர் (பெரிய பேட்டரியோட உயர் வோல்டேஜ் ஒயர்) பக்கம் விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

மாட்டி முடிச்சதும் பின்சீட் பலகை போடுறதுக்கு முன்னாடி ஊதுபத்தி சோதனை. டெக்ஸ்ட்ரீம் (டொயோட்டாவோட ஸ்கேன் மென்பொருள்), இல்லாட்டி ஆக்டிவ் டெஸ்ட் வசதி இருக்குற ஸ்கேனர்ல விசிறியை 6ல வச்சுட்டு, பத்தியை டக்ட் இணைப்பு ஒவ்வொண்ணு பக்கத்துலயும் காட்டுங்க. புகை இணைப்புக்குள்ள இழுபட்டா அங்கே ஓட்டை. வென்ட் வாயில மட்டும்தான் புகை உள்ளே போகணும். இதுக்கு வண்டி ரெடியில (ஓடத் தயாரான நிலையில) இருக்கணும், அதனால சர்வீஸ் பிளக், 12 வோல்ட் எல்லாம் திரும்ப மாட்டின பிறகுதான். ஆரஞ்சு ஒயர் பக்கம் கை நீட்டாம செய்யுங்க.

செவ்வாப்பேட்டை:
அண்ணா, எனக்கு இதுல ஒரு யோசனை. கம்ப்யூட்டர் விசிறி ரெண்டை வென்டுல வச்சு எப்பவும் ஓட விட்டா இவ்வளவு கழட்டுற வேலையே வேண்டாமே? அப்படியே வென்ட் மேல ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டா பஞ்சும் வராது.

மெய்யனூர்_மீட்டர்:
விசிறி வேண்டாம் தம்பி. அடைஞ்ச பிளோயருக்கு முன்னாடி இன்னொரு விசிறி வச்சா அடைப்பு அப்படியேதான் இருக்கும். ஓட்டை டக்டோட விளிம்புல காத்து வெளியே பீச்சும். கம்ப்யூட்டர் விசிறிக்கு அழுத்தம் கிடையாது, திறந்த இடத்துலதான் அது வீசும். வண்டி தேவைக்கேத்த மாதிரி 0 முதல் 6 வரைக்கும் விசிறியை மாத்திக்கிட்டு இருக்கு, நாம எப்பவும் ஓட விட்டா தேவையில்லாத நேரத்துல எல்லாம் தூசியையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டே இருப்போம். 12 வோல்ட் பேட்டரியும் காலி.

ஃபில்டர் யோசனை தப்பில்லை, ரகம்தான் முக்கியம். பிந்தைய டொயோட்டா ஹைப்ரிட்கள்ல கம்பெனியே வென்டுக்குப் பின்னாடி வலை வச்சிருக்கு. ஆனா அது மெல்லிசு, பெரிய கண் வலை. மீன்தொட்டிக் கடையில கிடைக்கிற பெரிய ஓட்டை ஸ்பாஞ்ச், கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரியுற அளவு திறந்தது, 5 எம்எம் தடிமனுக்கு மேல போகாம வச்சா தாங்கும். ஏசி ஃபில்டர் துணி, மாஸ்க் துணி இதெல்லாம் வச்சா நீங்களே அடைப்பு போட்ட மாதிரி. வச்ச பிறகு அதே ரோட்ல அதே ஏசி அளவுல விசிறி நிலை கூடுதான்னு பாருங்க. 2ல ஓடினது 4 ஆச்சுன்னா எடுத்துடுங்க. தறிப்பட்டறை பக்கம் நிறுத்துற வண்டின்னா மாசம் ஒரு தடவை அதைக் கழுவிக் காய வச்சு மாட்டணும். ஃபில்டரைப் போட்டுட்டு மறந்துட்டா ஃபில்டர் இல்லாததைவிட மோசம்.

ஆரஞ்சு_ஒயர்:
எல்லாரும் உள்ளே போற காத்தைப் பத்தியே பேசுறீங்க. வெளியே போற வழி? பேட்டரியைத் தாண்டின காத்து டிக்கிக்கு வந்து, பின் பம்பருக்கு உள்பக்கம் உடம்புல இருக்குற ரப்பர் மடல் வென்ட் வழியா வெளியேறணும். செகண்ட்ஹேண்ட் வண்டி பின்னாடி ஒரு தடவை இடி வாங்கியிருந்தா டிங்கரிங்ல அந்த மடலைச் சீலன்ட் போட்டு மூடியிருப்பாங்க, இல்லாட்டி துருத்தடுப்புக் கோட்டிங் அடிச்சு ஒட்ட வச்சிருப்பாங்க. உள்ளே எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் காத்து நகராது. பார்க்குறது சுலபம்: கண்ணாடி எல்லாம் ஏத்தி, ஏசி பிளோயரை முழு வேகத்துல வெளிக்காத்து நிலையில வச்சு, டிக்கி ஓர பிளாஸ்டிக்கை விலக்கி அந்த மடல் வெளிப்பக்கம் தூக்குதான்னு பாருங்க. கதவு சாத்துறப்ப காது அடைக்குதுன்னாலே பாதி சந்தேகம் வந்துடணும்.

காப்பித்தோட்டம்:
மேலே எஸ்டேட்ல நிக்கிற வண்டிக்கு அந்த மடல் வழியா எலி வரும், சில்வர் ஓக் இலையை இழுத்துவந்து டிக்கி ஓரத்துல கூடு கட்டும். வெப்பநிலை சென்சார் ஒயரைக் கடிச்சா ஒரு சென்சார் மட்டும் நம்ப முடியாத எண் காட்டும், மைனஸ்ல போகும். அதைப் பார்த்துட்டு மாட்யூலைக் குறை சொல்லக் கூடாது. பனிமூட்டத்துல வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா பஸ்பார்ல (மாட்யூல்களை இணைக்கிற உலோகத் தகடு) பச்சை பூத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த இடத்துல மின்தடை கூடி, அதுவே தனிச் சூடு.

ஆரஞ்சு_ஒயர்:
பச்சை பூத்திருந்தா மூடி திறக்குற வேலை. ஆள் வச்சுச் செஞ்சாலும் ஒண்ணு கேட்டு வாங்குங்க: பஸ்பார் நட் 8 எம்எம், இறுக்கம் 5.4 நியூட்டன் மீட்டர். இது கை மணிக்கட்டு அளவு இறுக்கம்தான். சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாம ராட்செட்ல ஒரு இழு இழுத்தா மாட்யூல் போல்ட் உள்ளேயே சுத்திக்கும், அந்த மாட்யூல் குப்பை. 28 மாட்யூலையும் இறுக்கிப் பிடிச்சிருக்குற ஓரத் தகடுகளைத் தளர்த்திட்டுச் சார்ஜ் ஏத்தவும் கூடாது, மாட்யூல் உப்பிடும்.

கோரிமேடு_ஹைப்ரிட்:
செஞ்சு முடிச்சாச்சு. பிளோயர் இறக்கை முக்கால்வாசி மூடியிருந்தது, தறிப்பஞ்சு அண்ணன் சொன்ன மாதிரியே காஞ்ச கஞ்சியோட. டக்ட் நடு இணைப்புல ஸ்பாஞ்ச் மொத்தமா உதிர்ந்து, ஒரு கிளிப் இல்லவே இல்லை. இபிடிஎம் டேப் போட்டாச்சு. பம்பர் மடல் ரெண்டும் நல்லாத் தூக்குது. மாட்டின பிறகு வண்டி ரெடிக்கு வரலை, ஸ்கேன்ல பி0ஏ0டி. என்ன பண்ணலாம்?

ஆரஞ்சு_ஒயர்:
பதறாதீங்க. அது இன்டர்லாக் (சர்வீஸ் பிளக் சரியாப் பூட்டியிருக்கான்னு பார்க்குற பாதுகாப்பு) கோடு. சர்வீஸ் பிளக்கை உள்ளே தள்ளி, கைப்பிடியை மடக்கியிருப்பீங்க, கடைசியா அதைக் கீழ்ப்பக்கம் நகர்த்திப் பூட்டணும். அந்தக் கடைசி நகர்த்தல் விட்டுப்போனா வண்டி எழாது. 12 வோல்ட் நெகட்டிவைத் திரும்பக் கழட்டி, கையுறை போட்டு, பிளக்கை உருவி மறுபடி மாட்டுங்க. க்ளிக்னு கேட்கும். கோடை அழிச்சா போதும்.

அங்கே இருக்குறப்பவே 12 வோல்ட் பேட்டரியோட சின்ன ரப்பர் வாயுக் குழாய் மாட்டியிருக்கான்னும் பாருங்க. பேட்டரி டிக்கிக்குள்ள இருக்குறதால அந்த வாயு வெளியேதான் போகணும்.

கோரிமேடு_ஹைப்ரிட்:
ஆமாங்க, பிளக் பூட்டுதான். சரியாகிடுச்சு. அதே அயோத்தியாப்பட்டணம் ரோடு, அதே மதியம், ஏசி அதே அளவு: பின்சீட் 27, உள்போற காத்து 29, மூணு சென்சார் 37, 39, 38, விசிறி 2. டிஷ்யூ பிச்சு எடுக்குற அளவுக்கு ஒட்டுது.

மெய்யனூர்_மீட்டர்:
உள்போற காத்து கேபினை ஒட்டி வந்துடுச்சு, நடு சென்சார் இடைவெளியும் 2க்குள்ள. மாட்யூல்ல குறை இருந்தா இந்த இடைவெளி இவ்வளவு மூடாது. இருந்தாலும் இத்தனை நாள் 53ல வெந்த பேட்டரி. ஆப்ல 14 பிளாக் வோல்டேஜையும் ஒரு தடவை ஏத்தத்துல நல்லா மிதிச்சுப் பாருங்க. தொப்பூர் ஏத்தம் இதுக்கு நல்ல இடம், யாரையாவது பக்கத்துல உக்கார வச்சு எழுதச் சொல்லுங்க. லோடுல ஒரே பிளாக் திரும்பத் திரும்ப மத்ததைவிட 1 வோல்ட் அளவு கீழே விழுந்தா, அதுவும் நடுப் பிளாக்குல ஒண்ணுன்னா, அதைக் கண்காணிப்புல வைக்கணும். எல்லாம் ஒட்டி இறங்கினா விட்டுடலாம்.

20வது_வளைவு:
வெயில்ல நின்ன வண்டியை எடுத்ததும் கண்ணாடி நாலையும் இறக்கி ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி, சூடு போன பிறகு ஏத்திட்டு ஏசி. சேலத்து மே மாசத்துல பூட்டி நின்ன கேபின் சூட்டை அப்படியே பேட்டரிக்கு ஊட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல். முன்சீட்ல மட்டும் குளிர்ச்சி போதும்னு பின் பக்கம் காத்து வராம வச்சிடாதீங்க, வென்ட் இருக்குறது பின்னாடி.

செவ்வாப்பேட்டை:
கேம்ரி ஹைப்ரிட் வச்சிருக்குறவங்களுக்கும் இதே முறைதானா அண்ணா?

மெய்யனூர்_மீட்டர்:
முறை அதே, அளவு வேற. 2013 வாக்குல வந்த கேம்ரி ஹைப்ரிட்ல 34 மாட்யூல், 17 பிளாக், 244.8 வோல்ட். வென்ட் இருக்குற இடம் மாடலுக்கு மாடல் மாறும், ஓனர் மேனுவல்ல ஹைப்ரிட் பேட்டரி ஏர் இன்டேக் வென்ட்னு படத்தோட இருக்கும், அதைப் பார்த்துட்டுத் தொடங்குங்க. கேபின் எவ்வளவு, உள்போற காத்து எவ்வளவு, சென்சார்கள் எவ்வளவுன்னு பார்க்குற கணக்கு எந்தக் காத்துக் குளிர்ச்சி ஹைப்ரிட்டுக்கும் ஒண்ணுதான்.

தறிப்பஞ்சு:
கோரிமேடு தம்பி, சீட் கவரைக் கத்தியால சும்மா வெட்டி விட்டுடாதீங்க, நூல் பிரிஞ்சு அந்தப் பிசிறே வென்டுக்குள்ள போகும். கவர் தைச்ச கடையிலயே வென்ட் அளவுக்கு வெட்டி ஓரம் மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க. லீ பஜார் பக்கம் பத்து நிமிஷ வேலை.

கோரிமேடு_ஹைப்ரிட்:
சரிங்கண்ணா, நாளைக்கே கொடுத்துடுறேன். தொப்பூர் போனதும் பிளாக் வோல்டேஜ் போடுறேன்.